மரியசெல்வியின் கெமிஸ்ட்ரி

மரியசெல்வி கெமிஸ்ட்ரி படிக்கிறாள் என்பது தூத்துக்குடிக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பா மரியான், கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியைச் செலுத்தும் தண்டல். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் தீர்த்துவிட்டார். ஒரே குறை, அவள் படித்தது வரலாறு.

கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா கடலில் இருந்தார். அவர் சொன்னபடி கெமிஸ்ட்ரி வரிசையில் நின்றவள் மெல்ல நகர்ந்து வரலாற்று வரிசைக்குப் போய்விட்டாள். அம்மா பிளாரன்சுக்கு மட்டும் தெரியும். "அப்பா வந்ததும் சொல்லிரலாம்ளா" என்றாள் அம்மா. அவர் வந்தார், போனார், மறுபடி வந்தார். மூன்று வருடம் ஓடிவிட்டது.

1977 ஜூன். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்குப் பயந்து தோணிகள் கரையில் கிடந்தன. மரியான் ஒரு விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தார். புதிய ஃபாக்டரி ஒன்றில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்களாம். "மார்க் சீட்டை எடுளா" என்றார்.

மரியசெல்வியின் ஆசையெல்லாம் எம்.ஏ. மேல். இனியும் மூடி மறைத்தால் அதுவும் போய்விடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

மரியான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நீ ஆசிட்டத் தொடவே இல்லியா?"

"இல்லப்பா."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்ல."

"மாதாவே!" என்று நெஞ்சில் கைவைத்தார். தோணியில் ஆசிட் ஜாடி உடைந்து ஒருவன் கை வெந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். பெருமைக்குக் கெமிஸ்ட்ரி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் மகள் கைக்காக மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். "பாவி மவளே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்லா!"

மரியசெல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "செத்த ராசாக்களப் படிச்சு என்னளா ஆவப்போவுது?"

"ராசா மட்டுமில்லப்பா. அந்தக் காலத்துல மேற்கேருந்து வந்த கப்பலெல்லாம் திரும்பிப் போவ ஏன் மாசக்கணக்குல காத்துக் கெடந்துச்சுன்னு பரீட்சையில கேட்டாங்க. கச்சான்ல வந்தவன் வாடைக் காத்து வாரவரைக்கும் போவ முடியாதுன்னு நீங்க சொன்னதத்தான் எழுதுனேன். வாத்தியாரு அத வகுப்புல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாரு."

"நான் சொன்னதயா? காலேஜிலயா?"

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர் கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"மேப்படிப்புக்கு எங்கன போவணும்?"

"மதுரைக்குப்பா."

"போ. ஆனா ஒண்ணு. காத்தப் பத்திச் சந்தேகம் வந்தா அங்கன எவன்கிட்டயும் கேக்காத. எனக்குக் கடுதாசி போடு."