சித்தியின் அறைக்கு இரண்டு தாள்கள்

1. அப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று வைத்தியர் சொன்னார்.
2. லண்டனில் இருக்கும் அண்ணா தொலைபேசியில், "ஏதும் நடந்தால் வீட்டை வித்துப்போட்டு அம்மாவை இஞ்சை கூப்பிடுறன்" என்றான். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.
3. சித்தி எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பகலில் அந்தக் கதவு சாத்தியிருந்து நான் கண்டதில்லை.
4. அன்றே நான் கணினியில் இத்தாலிய மொழியில் ஒரு மரணசாசனம் தட்டினேன். அப்பாவும் அம்மாவும் கீழே கையெழுத்து வைத்தார்கள்.
5. சட்டப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு அம்மையார் அதை வாசித்துவிட்டு, செல்லாது என்றார்.

சித்தி அம்மாவின் தங்கை. கலியாணம் செய்யவில்லை. நான் பிறந்த வருடம் மன்னாரிலிருந்து வந்தவர். பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்சந்தில் இருக்கும் இந்த மூன்றாம் மாடி வீடு, அப்பா, அம்மா, சித்தி மூவரும் இத்தாலியச் சின்யோராமாரின் வீடுகளைக் கூட்டித் துடைத்து வாங்கியது. வீட்டு உறுதி எழுதிய நேரம் சித்தியின் வதிவிட அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோ, காலாவதியாகியிருந்தது. அதனால் உறுதியில் அப்பாவும் அம்மாவும் மட்டும், ஆளுக்குப் பாதி. மரணசாசனம் இல்லாவிட்டால் எல்லாம் எங்களுக்கே வரும். சித்திக்கு ஒரு சன்னல்கூட வராது.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். நான் எழுதிய ஏழு பந்திகளுக்கும் இலக்கம் இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பிழைகள் சொன்னார். வீட்டில் வைத்து எழுதும் மரணசாசனத்தை எழுதுபவர் முழுவதும் சொந்தக் கையால் எழுதவேண்டும். தமிழில் எழுதினாலும் சரி, தட்டச்சு ஆகாது. மற்றது, இத்தாலியில் கணவனும் மனைவியும் ஒரே தாளில் எழுத முடியாது. ஆளுக்கொரு தாள். எங்கள் ஆட்களுக்கு இது யோசனையிலேயே வராது. பூசைக்குக் கொடுக்கும் உறையிலும் கலியாண அன்பளிப்பிலும் இரண்டு பெயரும் சேர்ந்துதான் போகும்.

கையால் எழுதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த மத்தியானம். வெளியே ஷிரோக்கோ, தெற்கிலிருந்து மண்தூளோடு வரும் சூட்டுக்காற்று. சன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தோம். இடுக்குகளால் வந்த வெளிச்சம் மேசையில் கோடு கோடாக மஞ்சளாய்க் கிடந்தது. தெருவில் போன ஸ்கூட்டர்களின் சத்தம் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல் கேட்டது. அப்பாவின் கையெழுத்தைக் கடைச் சாமான் துண்டுகளில்தான் கண்டிருக்கிறேன். இப்போது முழு வசனங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு எழுத்தும் வட்டமாய், கொஞ்சம் சாய்ந்து. பேனை ஒரு மஞ்சள் கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை.

"அத்தான், அறையோடை அந்த மூலைச் சன்னலையும் சேர்த்து எழுதுங்கோ," என்று குசினியிலிருந்து சித்தி சொன்னார்.

"மச்சாள், எழுதேக்கை கதைக்காதையுங்கோ. பிழைச்சால் உங்களுக்குப் பல்கனிதான்."

"பல்கனியோ? அதுக்கு நான் றெயில் ஸ்தாசியோனேயிலை போய்ப் படுப்பன். பிராக்குப் பாக்க அங்கை சனமாவது இருக்கும்."

அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். சித்தி சாகும்வரை அந்த அறையில் இருக்கலாம் என்று அவருடைய பாதி சொல்லிவிட்டது. தாளை அம்மா பக்கம் நகர்த்தினார், பார்த்து எழுத.

அம்மா தன் தாளில் பலெர்மோ என்று எழுதினார். திகதியைப் போட்டார். பிறகு பேனை நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒரு தாளெண்டால் இரண்டு பேரும் ஒண்டாய்ப் போற மாதிரி, பிள்ளை. இரண்டு தாளெண்டால் ஆர் முதல் எண்டு கேக்குது."

"நான்தான் முதல் எழுதிப்போட்டனே," என்றார் அப்பா.

"அதுதான்."

அம்மா பேனையை மூடினார். வெளிச்சக் கோடுகள் மெல்ல மேசையை விட்டிறங்கி நிலத்துக்குப் போயின. சித்தி தேத்தண்ணியோடு வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்தார்.

"எனக்காண்டி அவசரப்படாதையுங்கோ அக்கா."

"உனக்காண்டித்தான் இவ்வளவும் எழுதினனான்," என்று அம்மா திகதியைக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். சித்தியின் கை அம்மாவின் முழங்காலில் வெகுநேரம் இருந்தது.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அப்பா மூன்று மாடியும் ஏறுகிறார், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று. அவருடைய தாள் நொத்தாரிசின் அலுமாரியில் முத்திரையிட்ட உறைக்குள் இருக்கிறது. அண்ணாவுக்குச் சொன்னேன். "நான் சித்தியை யோசிக்கேல்லை" என்றான். அம்மாவுக்குப் புதுத் தாள்கள் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் எழுதவில்லை. இன்றைக்கு, சித்தியின் அறையில் பாதிதான் எழுத்தில் இருக்கிறது.