மாமாவின் இடக் கை

மாமியின் அலுமாரியில், மடித்து வைத்த சாரிகளுக்குக் கீழே, ஒரு தோல் கையுறை இருக்கிறது. இடக் கைக்கு உரியது. விரல்களுக்கு நடுவே தோல்வாரால் வலைபோலப் பின்னியது. உள்ளங்கைப் பகுதி பந்து விழுந்து விழுந்து கறுத்துக் குழிந்தது. பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் மருதமுனைக்குப் போய் மாமியைப் பார்ப்பேன். தேநீர் குடித்து முடிந்ததும் அவர் அலுமாரியைத் திறப்பார். கையுறையை வெளியே எடுக்கமாட்டார். இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நானும் பார்ப்பேன். பழைய பயம் இன்னும் முற்றாகப் போகவில்லை.

மாமா என் உம்மாவின் தம்பி; அக்காவான உம்மாவை ராத்தா என்று அழைப்பார். யப்பானில் சம்பளத்துக்குப் பேஸ்போல் விளையாடியவர். சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்களை எங்கள் ஊருக்குத் தெரியும். பந்து பிடிக்கப் போனவரைத் தெரியாது. எங்கள் சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் கிரிக்கெட் விளையாடிய அவர், கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் யப்பானியப் பயிற்றுநர் ஒருவரின் கண்ணில் பட்டார். மைதானத்தில் ஓடுபவர்கள் தொட வேண்டிய நான்கு தளங்களில், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்பதுதான் அவருடைய வேலை. அடிபட்ட பந்து தரையோடு உராய்ந்து வரும். இடக் கையுறையில் அதை வாங்கி, அதே கணத்தில் வலக் கைக்கு மாற்றி, ஓடுபவன் தளத்தைத் தொடுமுன் எறிய வேண்டும். "எல்லாரும் புடிக்கலாம், எல்லாரும் எறியலாம். மாத்துறதுக்குத்தான் மகள், அவனுகள் சம்பளம் தாறானுகள்" என்பார். உம்மா விடமாட்டார். "ஒரு பந்த இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துறதுக்கு ஒருத்தன் பிளேன் ஏறிப் போறானாம்! வெளியில சொல்லிராதடா, சிரிப்பாங்க."

அந்தச் சிரிப்புக்கு அடியில் எப்போதும் பயம் இருந்தது. அது போர்க்காலம். ஒருமுறை கொழும்புக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். மாமாவின் பையிலிருந்து சிவப்பு நூல் தைத்த வெள்ளைப் பந்தை எடுத்த சிப்பாய், அதைக் காதருகே வைத்துக் குலுக்கினான். பிறகு மற்றவர்களைத் தள்ளி நிற்கச் செய்து, மாமாவிடமே கொடுத்து, மேலே எறிந்து பிடித்துக் காட்டச் சொன்னான். இதை மாமா எங்கள் முன் நடித்துக் காட்டினார். "கை நடுங்கல்லியாடா?" என்று உம்மா கேட்டார். "கை நடுங்கல்ல ராத்தா. கால்தான்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மணம் முடிக்கும் ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். அதற்கு முன் தன் சகோதரிக்கு ஒரு வீட்டை எழுப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கடலுக்கு அண்மையில் நாங்கள் வாழ்ந்த வீடு மாமாவின் விளையாட்டால் எழுந்தது. அது முடிந்த பிறகே அவர் மருதமுனையில் மாமியை மணந்தார். ஆகவே ஊருக்கு அவர் விளையாட்டு வீரர் அல்லர். ராத்தாவுக்காகவே பிறந்த தம்பி. இந்த எண்ணம்தான் பின்னர் எங்கள் எல்லோரையும் பிழையாக நினைக்க வைத்தது.

மார்கழி யப்பானில் பனிக்காலம். அப்போது விளையாட்டு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாட்களில்தான் மாமா ஊருக்கு வருவார். சுனாமி வந்த ஞாயிறு காலை, தன் மகளோடு எங்கள் வீட்டில் இருந்தார்; மாமி மருதமுனையிலேயே இருந்தார். அவளுக்கு ஆறு வயது, எனக்கு ஏழு. உம்மாவும் வாப்பாவும் சம்மாந்துறைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். நீருக்கு முன் சத்தம் வந்தது. நிறைய லொறிகள் ஒன்றாக வருவது போன்ற சத்தம். மாமா எங்கள் இருவரையும் இரு கைகளில் அள்ளிக்கொண்டு ஓடினார். அந்தக் குறுகிய ஒழுங்கையைத் தாண்டுமுன் நீர் அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கட்டி முடியாத ஒரு மாடிப்படியில் நின்ற மனிதர் குனிந்து கையை நீட்டினார். மாமாவின் வலக் கை என்னை நீரிலிருந்து மேலே வீசியது. என் சட்டையின் கழுத்தை யாரோ பற்றினார்கள். திரும்பிப் பார்த்தபோது மாமா தனியாக நின்றார். அவருடைய இரண்டு கைகளும் விரிந்திருந்தன.

மூன்றாம் நாள், மாமாவின் மகளான என் மச்சியைக் கண்டெடுத்து அடக்கினார்கள். அதற்குள் கதை ஊரெங்கும் போய்விட்டது: தன் பிள்ளையை விட்டு, ராத்தாவின் பிள்ளையைக் காப்பாற்றினார். வீடிழந்து நாங்கள் தங்கியிருந்த முகாமில் எல்லோரும் மாமாவின் கையைப் பற்றிக் கண் கலங்கினார்கள். "இப்பிடி ஒரு தம்பி யாருக்குகா கிடைக்கும்?" என்று உம்மாவிடம் சொன்னார்கள். மாமா மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாமி மட்டும் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். யாரோ இறந்த ஒரு மையித்து வீட்டில் என்னைக் கண்டபோது, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவரைப் போன்ற நடையுடைய எந்தப் பெண்ணைத் தெருவில் கண்டாலும் நான் ஒதுங்கினேன். வேறொருத்தியின் உயிரை உடுத்திக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்தேன். என்றாவது ஒருநாள் மாமாவும் என்னை அப்படிப் பார்ப்பார் என்று பயந்தேன்.

பங்குனியில் அவர் யப்பானுக்குத் திரும்பினார். ஆனால் பிழைகள் தொடங்கின. பந்து கையுறைக்குள் ஒழுங்காக வந்து விழும். வலக் கைக்கு மாற்றும் கணத்தில் நழுவும். முதலில் ஆட்டத்தில் இடம் போனது, பிறகு அணி போனது. கடைசி ஆண்டுகளில், அடிப்பவர்கள் பழகுவதற்காகப் பந்து எறிந்து கொடுக்கும் வேலையைச் செய்தார். எறிதல் ஒருபோதும் பிழைத்ததில்லை.

போர் முடிந்த மாதம் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் தங்கினார். மாமியின் வீட்டுக்குப் போகத் துணியவில்லை. முடிந்தது என்று வானொலி சொன்ன பகலில் பட்டாசு வெடித்தது. யார் கொளுத்துகிறார்கள், இனி என்ன நடக்கும் என்று தெரியாமல் தெருவே கதவுகளைச் சாத்திக்கொண்டது. உம்மா அறைக்குள் ஓதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் மாமாவின் தோள் துள்ளியது. பன்னிரண்டு வயதான நான், ஐந்து வருடமாக வைத்திருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"மாமா, ஏன் என்ன எடுத்தீங்க?"

அவர் தன் இரு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்ன எடுக்கல்ல மகள். எறியிற கையில நீ இருந்தாய். புடிக்கிற கைதான் எனக்கு நம்பிக்கையான கை. அதுலதான் என்ட புள்ளய வெச்ச. ஒன்ன எறிஞ்சிட்டு அவள மாத்தக்குள்ள ஒரு மரக்கட்ட வந்து அடிச்சிது." பிறகு கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ராத்தாட்ட சொல்லிராத."

அவரை ஐந்து வருடம் வாய்மூட வைத்திருந்தது இதுதான் என்று அப்போது விளங்கியது. ராத்தாவின் பிள்ளைக்கு இரண்டாம் தரமான கையைக் கொடுத்தவர் என்று தெரிந்தால், தம்பி என்ற பெயரும் போய்விடும் என்று அவர் அஞ்சினார். எனக்கு வலித்தது. ஆனால் அந்த வலியோடு, நெஞ்சில் கிடந்த பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

மறுநாள் மாமாவின் கையுறையைப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டு மருதமுனைக்கு பஸ் ஏறினேன். கல்முனைச் சந்தியில் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்தான். கையுறையை வெளியே எடுத்து, உள்ளே விரல் விட்டுத் துழாவினான். "மாமாட" என்றேன். அவன் அதைத் திருப்பித் தந்ததும் பைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் பஸ் ஏறினேன்.

மாமி கதவைத் திறந்தார், வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன், மாமா சொன்ன அதே சொற்களில். அவர் கையுறையை வாங்கித் தன் இடக் கையை உள்ளே நுழைத்து மெல்ல மூடினார்.

"இந்தக் கையிலயா புள்ள இருந்த?"

"ஓம் மாமி."

"புடிச்சிட்டுத்தானே இருந்தாரு?"

"ஓம்."

கையுறையைக் கழற்றாமலே கதவை முழுதாகத் திறந்தார். பிறகு, "அவர வரச் சொல்லு" என்றார்.

இப்போது மாமா அந்த வீட்டில்தான் இருக்கிறார். உம்மா தன் தம்பியைப் பற்றிப் பழைய கதையையே இன்னும் சொல்கிறார்; நான் திருத்துவதில்லை. இந்த விடுமுறையிலும் மாமி அலுமாரியைத் திறந்து, பார்த்து, மூடினார். பிறகு மாமா எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் கொண்டுவந்தார். கோப்பை அவருடைய இடக் கையில் இருந்தது. நான் அவருக்கு வலப்பக்கம் இருந்தேன். அவர் கோப்பையை முதலில் மேசையில் வைத்தார். அது அசையாமல் இருப்பதைப் பார்த்தார். அதன் பிறகே வலக் கையால் எடுத்து என்னிடம் நீட்டினார்.