டாக்டர் சாரை நம்பிச் சொன்ன வார்த்தை

டாக்டர் சார் போய்விட்டார். நேற்றுக் காலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக்காம்.

அவர் பெயரை நான் இங்கே போடவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில், ஹிப்னாடிசம் மூலம் மனப் பிரச்சினைகளுக்கு வைத்தியம் பார்த்தவர் என்றால் அருப்புக்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும்.

நேற்றிலிருந்து எல்லோரும் எழுதுகிறார்கள். பரீட்சை பயம் போனது, தூக்கம் வந்தது, சிகரெட்டை விட்டது... எல்லாம் நிஜம்தான். நானும் அவரால் பிழைத்தவள்தான்.

மூத்தவள் தர்ஷினி பிறந்த சமயம். எனக்குப் பிள்ளையைத் தூக்கவே பயம். கையில் வாங்கினால் கீழே போட்டுவிடுவேன் என்று ஒரு நினைப்பு. கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வேர்த்து ஊற்றும். பால் கொடுக்கும்போதுகூட யாராவது பக்கத்தில் இருந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் லேப் டெக்னீஷியன். எங்கள் ஊர் பரளச்சியில் பாதிப் பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்த கை இது. பிள்ளை பெற்றவளுக்குக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். மாமியார் கோடாங்கியிடம் குறி கேட்கக் கூட்டிப் போனார். வீட்டுக்காரர்தான் ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் சாரிடம் கூட்டி வந்தார்.

“செயின் எதுவும் ஆட்டுவீகளா சார்?” என்று கேட்டார் வீட்டுக்காரர். டாக்டர் சிரித்துவிட்டார். “அதெல்லாம் சினிமாக்காரங்க பண்றதுய்யா.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ தூங்க மாட்ட தாயி. எல்லாம் கேக்கும், எல்லாம் தெரியும். சொல்லப் பிடிக்காதத ஒங்கிட்ட இருந்து யாராலயும் வாங்க முடியாது.”

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கீழே பஸ்காரர் ‘திருச்சுழி, திருச்சுழி’ என்று கத்திக்கொண்டிருந்தார். “அது பாட்டுக்குக் கேக்கட்டும் தாயி... நீ ஒன் மூச்சோட இரு.” அப்படி ஒரு குரல் அவருக்கு.

மனதுக்குள்ளேயே தூக்கச் சொல்லுவார். முதலில் ஒரு தலையணை. அது பழகிய பிறகு, துண்டில் சுற்றிய தலையணை. அப்புறம்தான் பிள்ளை.

பிள்ளை என்றதும் ஒருநாள் உடைந்துவிட்டேன். “இது பொறக்காமலே இருந்திருக்கலாம் சார்” என்றேன். அம்மாவிடம்கூடச் சொல்லாத வார்த்தை. அவர் சொன்னதுபோல எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அவரை நம்பித்தான் சொன்னேன்.

டிஷ்யூவை எடுத்து என் கையில் வைத்தார். “சொல்லிட்டல்ல... போதும். இது இந்த ரூம விட்டு வெளிய போகாது தாயி.”

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை, அவள் வீறிட்டு அழுதாள். ஓடிப்போய்த் தூக்கினேன். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், தூக்கியதே எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அவருக்கு போன் போட்டு அழுதேன்.

தர்ஷினி பத்தாவது படிக்கும்போது அவள் ஸ்கூலில் ஒரு மீட்டிங். பரீட்சை பயத்தைப் பற்றிப் பேச டாக்டர் சாரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஹிப்னாடிசம் எப்படி வேலை செய்கிறது என்று உதாரணம் சொல்லியிருக்கிறார். பரளச்சியில் ஒரு லேப் டெக்னீஷியன்... மாமியார் கோடாங்கியிடம் கூட்டிப் போனது... பிள்ளையைத் தூக்க முடியாதது. கடைசியில், நான் சொன்ன அந்த வார்த்தை. என் குரல் மாதிரியே சொல்லிக் காட்டினாராம்.

பரளச்சியில் லேப் வேலை பார்க்கும் பெண் நான் ஒருத்திதான். வகுப்பே திரும்பி தர்ஷினியைப் பார்த்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். “அது நீதானம்மா?”

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. அது ஒரு நோய், அப்போது நான் நானாகவே இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். “சரிம்மா” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து தலை பின்ன என்னிடம் வந்து உட்காரவில்லை. பிளஸ் ஒன்னுக்கு மதுரையில் ஹாஸ்டல் வேண்டும் என்று அவளே அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

நான் டாக்டர் சாரிடம் போனேன். அதே ரூம், அதே நாற்காலி.

“நான் பேரச் சொல்லலையே தாயி...” என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. “நீ கொணமானத நாலு பேரு தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான?”

“எம்மக அங்க உக்காந்திருந்தா சார்.”

“அவளயும் ஒரு தடவ கூட்டிட்டு வா, நான் பேசிப் பாக்குறேன்” என்றார்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பிறகு அந்த மாடிப்படி ஏறவே இல்லை.

இப்போது தர்ஷினி காலேஜில் படிக்கிறாள். சார் போய்விட்டதை நேற்று அவளிடம் போனில் சொன்னேன்.

“நீ போறதா இருந்தா போம்மா. எனக்காக நிக்க வேணாம்.”

போனேன். அவர் வீட்டுத் தெருவெல்லாம் கூட்டம். அவரால் குணமானவர்கள்தான் பாதிப் பேர் இருப்பார்கள்.

அவருடைய மனைவியை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய், பரளச்சியிலிருந்து வருகிறேன், லேப்பில் வேலை பார்க்கிறேன் என்றேன். சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

“நீதானாம்மா அது... ஒன்னப் பத்தி அவுக சொல்லாத நாளே கெடையாது. வாரவுகட்ட எல்லாம் சொல்லுவாக...”

அந்த அம்மா அழுதுகொண்டே, பாசமாகத்தான் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். கையை மெதுவாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் சார். எனக்கு இவ்வளவுதான் சொல்ல வருகிறது.