செல்வி அக்கா கொண்டு வந்த லட்டு

செல்வி அக்கா போய்விட்டார். இப்போதுதான் அவர் ஊர் புத்தலப்பட்டிலிருந்து போன்...

சித்தூர் மாங்கூழ் கம்பெனியில் கன்வேயர் ஓரம் என் பக்கத்தில் நின்று அழுகல் பழம் பொறுக்கியவர். எங்கள் செக்‌ஷனில் 'லட்டு அக்கா' என்றால்தான் தெரியும்.

மாசம் தவறாமல் திருமலை லட்டு கொண்டு வருவார். என்ன பக்தி என்று சூப்பர்வைசரே கன்னத்தில் போட்டுக்கொள்வார்!

அக்கா திருப்பதி போனது சாமிக்காக இல்லை. எச்.ஐ.வி. மாத்திரை வாங்க. அப்போது என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

இதை எழுதச் சொன்னதும் அவர்தான். "நான் போனப்புறம் எல்லாருக்கும் சொல்லிடுடி. செத்தும் பொய் சொல்லிக்கினு இருக்க முடியாது."

மாத்திரை சித்தூரிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே வரிசையில் தெரிந்த முகம் யாராவது நின்றுவிட்டால்?

அதனால் திருப்பதி. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மலையேறி, லட்டு வாங்கி, தரிசனம் பார்க்காமலே இறங்கிவிடுவார். அந்த வரிசையில் நின்றால் அன்றைக்கு வீடு வந்து சேர முடியாதே.

"திருப்பதி போய்ட்டு லட்டு இல்லாம வந்தா எவ நம்புவா? பேசாம துன்னுடி."

பிறகு நான் சத்தியவேடு பக்கம் வேலை மாறினேன். அந்த வருஷம்தான் அவர் மாமனார் இறந்தார்.

தீட்டு. வருஷத் திதி முடியும்வரை யாரும் மலையேறக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மலைக்குப் போகாதவளுக்குத் திருப்பதியில் என்ன வேலை? இத்தனை காலம் காப்பாற்றிய பொய்யே அக்காவை வீட்டோடு உட்கார வைத்துவிட்டது. வேறு காரணம் யோசித்து யோசித்து... மாத்திரை நின்றது.

மாத்திரை நின்றது எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே, "கண்ணு முன்னால கொசு பறக்குதுடி, அடிச்சா மாட்ட மாட்டேங்குது" என்றார்.

சி.எம்.வி. என்று ஒரு வைரஸ். நம்மில் நிறைய பேர் உடம்பில் சும்மா தூங்குவதாம். எதிர்ப்புச் சக்தி அடியோடு போனதும் அக்காவின் கண்ணில் விழித்துக்கொண்டது. மறுபடி மாத்திரை, ஊசி எல்லாம் ஆரம்பித்தார்கள். போன பார்வை போனதுதான். ஒரு கண் முழுக்க, இன்னொன்றில் புகை.

"இத்தினி தடவ போனேன், ஒரு தடவயாவது பாத்திருக்கணும்டி."

திதி முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போனோம். முதல் முறையாக லட்டுக்கு இல்லை, சாமிக்கு. கிட்டே போனதும் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று நிற்க விடாமல் நகரச் சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து, "பாத்தியாக்கா?" என்றேன்.

"வெளக்கு தெரிஞ்சிது. நடுவுல வெள்ளையா என்னமோ... நாமம்தான?"

"நாமம்தாங்க்கா."

"அப்போ பாத்துட்டேன்."

அதற்கப்புறம் உடம்பு தேறவே இல்லை.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். பச்சைக் கற்பூரமும் மாம்பழமும் கலந்து மணக்கும் அந்தக் கை ஒரு விள்ளல் லட்டு நீட்டாதா என்றிருக்கிறது. உன்னைப் பார்க்கணும் போல இருக்குக்கா...

போய்ட்டு வாக்கா. அங்க யாரும் ஜரகண்டி சொல்ல மாட்டாங்க. நின்னு நிதானமா பாரு.