பிரேக் சிஸ்டர்

"கொஞ்சம் இறங்குங்க தம்பி, ஒரே ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். கைப்பை மடியில். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வலது காலை பிரேக்கில் வைத்து அழுத்தி மிதிக்கிறார். மிதித்த காலை எடுக்காமல் முப்பது வரை எண்ணுகிறார். உதடுகள் மட்டும் அசையும். பின்னால் பையும் பாட்டிலுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பம், இந்த அம்மாள் யார், வண்டிக்காரரின் சம்சாரமா, அரசாங்க ஆளா என்று விழிக்கும். முப்பது ஆனதும் இறங்கி, "போய்ட்டு வாங்க, நல்லா சுத்திப் பாருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வேனைப் பார்த்து நடக்கிறார்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர் வேன் ஸ்டாண்டுக்கு வந்தால் இதைப் பார்க்கலாம். மலைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். முதல் வாரம் டிரைவர்கள் விரட்டினார்கள். இரண்டாம் வாரம் சிரித்தார்கள். இப்போது, "பிரேக் சிஸ்டர் வந்தாச்சு, சாவியைப் போடுடா" என்று அவர்களே குரல் கொடுக்கிறார்கள். "இன்ஸ்பெக்டரை ஏமாத்திடலாம், இந்தம்மா காலை ஏமாத்த முடியாது" என்பது ஒரு வயதான டிரைவரின் சான்றிதழ்.

மணி ஏழு அடித்தால் சிஸ்டர் ஆஸ்பத்திரியில் இருப்பார். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அதே தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியனாகப் பதினோரு வருஷமாக நான். எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது; அவருக்கு இன்னும் நான் "தம்பி"தான்.

எங்கள் தியேட்டர் வராந்தாவின் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏரியும் குளிரும் பூந்தோட்டமும் இருக்கின்றன என்று உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. சிஸ்டர் போனதில்லை. "எனக்கு அந்த மலையை எலும்பாத்தான் தெரியும் தம்பி" என்பார். "நாலாவது வளைவுன்னா தொடை. ஒன்பதாவதுன்னா தலை. பதினொண்ணுன்னா, நாம கையைக் கழுவிட்டு ரெடியா நிக்கவே வேண்டியதில்லை."

இப்படிப்பட்டவரைத்தான் அவர் மகள் மலைக்குக் கூப்பிட்டாள். பிளஸ் டூ முடித்து, படிப்பதற்கு வெளியூர் போகப் போகிற பெண். போவதற்கு முன் இரண்டு ராத்திரி எல்லோரும் சேர்ந்து எங்காவது போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சிஸ்டர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் ஒரு நீள நோட்டு வாங்கிவந்து, டீ இடைவேளையில் பயணத் திட்டம் போட ஆரம்பித்தார்.

நான் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பயணம் போகிற ஆறு பேருடைய ரத்த வகை: அவர், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் கணவர், மகள், மகன், மைத்துனர், ஓரகத்தி. இரண்டாம் பக்கத்தில் வழியில் இருக்கும் இரண்டு மருத்துவமனைகளின் போன் நம்பர். மூன்றாம் பக்கத்தில் வேனின் படம், கட்டம் கட்டமாக. வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் மகன் ஜன்னல் ஓரம். கணவர் முன்வரிசை, தான் கடைசி வரிசை.

"ஏன் சிஸ்டர், சாரும் நீங்களும் பக்கத்துல உக்காந்து ஜாலியா பேசிட்டுப் போலாமே?" என்று கேட்டேன்.

"முன்னாடி அடிபட்டா நான் இருப்பேன். பின்னாடி அடிபட்டா அவர் இருப்பார். பிள்ளைங்களுக்கு ஒருத்தராவது மிச்சம் வேணுமில்ல?" என்றார், சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்.

நான் டீயை வைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். ஏரியில் படகு விட ஒரு நேரமும், பூந்தோட்டத்துக்கு ஒரு நேரமும் அதே நோட்டில் அதே கையெழுத்தில் இருந்தன.

வீட்டில் அவர் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "டூருக்கு பிளான் போடறியா, இல்ல எனக்கு உயில் எழுதறியா?"

"அம்மா, ஒரு தடவையாவது ஜாலியா இரும்மா" என்றாள் மகள்.

"ஜாலியாத்தான்டி இருக்கேன். லிஸ்ட் போடறது எனக்கு ஜாலி இல்லையா?"

உண்மைதான். அந்த இரண்டு வாரமும் அவர் தியேட்டரில் சன்னமாகப் பாடிக்கொண்டே கத்தரிகளை அடுக்கினார். ஓரகத்திக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக ஒரே நிறத்தில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கியதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில்தான் பிரேக் வந்தது. எப்போதோ கால் முறிந்து வந்த ஒரு லாரி டிரைவருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. ஆள் முழித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். "மலை ஏறுறதுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சுப் பிடிச்சு முப்பது எண்ணுங்க சிஸ்டர். கால் அப்படியே நின்னா போங்க. கீழ இறங்கிக்கிட்டே போச்சுன்னா, நீங்க இறங்கிடுங்க." கேட்டதை மறக்காத பிறவி சிஸ்டர்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை சாயங்காலம், டூட்டி முடிந்து நேராக டிராவல்ஸ் ஷெட்டுக்குப் போனார். அன்று என் வண்டியில்தான் வந்தார். நீலத் திரை போட்ட வெள்ளை வேன் ஒன்றைக் காட்டினார் முதலாளி. பக்கத்தில் ஒல்லியான டிரைவர், துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் ஏறி உட்கார்ந்தார். "மேடம், நீங்களா ஓட்டப்போறீங்க?" என்று முதலாளி சிரித்தார். சிஸ்டர் மிதித்தார், எண்ணினார். பதினெட்டில் நிறுத்தினார்.

"கீழ போயிடுச்சு. பதினெட்டுல தரையைத் தொட்டுடுச்சு."

"ஆயில் கொறைஞ்சிருக்கும் மேடம். ஊத்தினா சரியாயிடும்."

"எனக்கு இந்த வண்டி வேணாம். வேற குடுங்க."

"வேற வண்டி அடுத்த சனிக்கிழமைதான் இருக்கு."

"அப்ப அடுத்த சனிக்கிழமையே போறோம்."

நோட்டை எடுத்து, வண்டி நம்பரைக் குறித்து, "பிரேக் நிற்கவில்லை. பயணம் ஒரு வாரம் தள்ளி" என்று எழுதி, தேதி போட்டார். டிரைவர் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், ஒரு பெரிய வேலையை முடித்த திருப்தியில் சிஸ்டர் எனக்கு பன் வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். இருவரில் ஒருவருக்காவது வேறு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. மலையிலிருந்து இறங்கிய வேன், ஒன்பதாவது வளைவில் கவிழ்ந்துவிட்டது. ஒரு குடும்பம், அப்பா அம்மா குழந்தை, கூட உறவுக்காரர் மூன்று பேர். முன் சீட்டில் இருந்த அப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். லீவை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டதால் சிஸ்டர் அன்று டூட்டியில் இருந்தார்.

முதலில் அந்த அம்மாவை எடுத்துவந்தார்கள். மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் ரத்தம். இரண்டரை மணி நேரம் நடந்த ஆபரேஷனில் சிஸ்டரின் கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. டாக்டர் கேட்பதற்கு முன்பே கருவி அவர் உள்ளங்கையில் இருந்தது. எந்த வண்டி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதற்கு நேரமில்லை.

அடுத்து டிரைவர். கால் நசுங்கியிருந்தது. முதுகில் ஊசி போடுவதற்காக அவரை உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே சிஸ்டர், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். அந்த ஆள் அந்தக் கண்களையே பார்த்தார்.

"நீங்கதானே மிதிச்சுப் பாத்தீங்க?" என்றார்.

சிஸ்டர் ஊசித் தட்டை நீட்டியபடியே நின்றார்.

"பதினெட்டுல கீழ போயிடுச்சுன்னீங்களே. ஆயில் ஊத்தினாங்க, சிஸ்டர். ஏறும்போது நல்லாத்தான் பிடிச்சுது. இறங்கும்போதுதான்..."

"என்ன சிஸ்டர்?" என்றார் டாக்டர். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்ற பதில், கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, கை கழுவும் அறையில் மரப்படி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு வேணாம்னுதான் சொன்னேன் தம்பி" என்றார். "யாருக்கும் வேணாம்னு சொல்லலையே."

நானும் அங்கேதானே நின்றிருந்தேன்.

வீட்டில் கொண்டுபோய் விட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கணவர் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லவேளை" என்றார். "நல்லவேளை நாம போகலை!"

சிஸ்டர் அவரை ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "யாருக்கு நல்லவேளை?" என்று கேட்டார். மகள்தான் எழுந்துபோய் அம்மாவின் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மறுநாள் டிராவல்ஸ் முதலாளி ஒரு பழக்கூடையோடு வீடு தேடி வந்தார். குரலில் தேன். "மேடம் அன்னைக்குப் பாத்தது வேற வண்டிங்க. இருட்டுல மாறிப்போச்சு. அதை விடுங்க. உங்க குடும்பத்துக்குப் பெரிய வண்டியே தர்றேன். ரூம் செலவும் என்னோடது. பிள்ளைங்க ஆசைப்படுதில்ல?"

செத்தவரின் உடல் அப்போது எங்கள் ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் இருந்தது. இப்படிப் பேச மனிதனுக்கு நாக்கு எப்படித்தான் புரளும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சிஸ்டர் கத்தவில்லை. கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "அன்னைக்கு இருட்டு இல்ல. வெயில் அடிச்சுது" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே நோட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். சாட்சி என்று நானும் போனேன். கணவர் வாசல்வரை வந்து, "வம்பை விலைக்கு வாங்காதே" என்று சொல்லப்போனவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடை எடுத்துக்கோ" என்றார்.

எழுத்தர் எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார். "வியாழக்கிழமையே தெரிஞ்சிருக்கு. அப்பவே ஏம்மா வந்து சொல்லலை?"

"தோணலை" என்றார் சிஸ்டர். "அதையும் எழுதிக்கோங்க."

எழுத்தர் தயங்கினார். "அது வேணாம்மா, கேஸுக்குத் தேவையில்ல..."

"எழுதுங்க சார்."

எழுதினார். கையெழுத்துப் போடும்போது சிஸ்டரின் பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்று பயந்தேன், அவ்வளவு அழுத்தம். டிராவல்ஸ் ஷெட்டுக்கு அந்த வாரமே சீல் வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. சிஸ்டரின் குடும்பம் மலைக்குப் போகவில்லை. டூர் வேண்டாம் என்று சொன்னது மகள்தான். இந்நேரம் அவள் விடுதியில் செமஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். ஸ்வெட்டர்கள் இரண்டும் கவர்கூடப் பிரிக்காமல் இருக்கின்றன.

ஆனால் நான் மறக்க முடியாமல் வைத்திருப்பது விபத்து நடந்த ஆறாம் நாள்.

தியேட்டர் நர்ஸ்கள் வார்டுக்குப் போவதில்லை. போகக்கூடாது என்றில்லை; வேலை அப்படி. அன்று சிஸ்டர் உடை மாற்றிக்கொண்டு, "கூட வா தம்பி. உள்ள வரவேணாம், கதவு கிட்ட நில்லு" என்றார்.

மண்ணீரல் கிழிந்து வந்த அந்தப் பெண் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவராம். பக்கத்துக் கட்டிலில் அவருடைய எட்டு வயது மகள், கையில் மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது. புருஷன் போனது முந்தின நாள்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நாற்காலி இருந்தும் சிஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஷெட்டு, வேன், பதினெட்டு, வேற வண்டி குடுங்க என்று கேட்டது, எதையும் விடவில்லை. "நான் அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லியிருந்தா அந்த வண்டி கிளம்பியிருக்காது" என்பதையும் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் எடுக்கவேயில்லை.

அந்தப் பெண் எந்த நொடியிலும் கத்தப்போகிறார் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ம்."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், கிளம்பலாம் என்று நான் சிஸ்டருக்கு ஜாடை காட்டினேன். சிஸ்டர் நகரவில்லை. அவர் பார்வை அந்தப் பெண்ணின் இடது கையில் இருந்தது. சலைன் ஏறுகிற ஊசி நரம்பை விட்டு விலகி, புறங்கை பொதபொதவென்று வீங்கிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றார், தொடவில்லை.

முகத்தைத் திருப்பாமலே அந்தப் பெண், வீங்கிய அந்தக் கையை மட்டும் மெல்ல எடுத்து, கட்டிலுக்கு வெளியே நீட்டினார்.

சிஸ்டர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அந்தக் கையைத் தன் இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, வலிக்காமல், இம்மி இம்மியாக உரிக்க ஆரம்பித்தார்.