குளிசையை மறைத்துச் சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். எங்கள் வீட்டுத் துன்பம் அந்த நேரத்தில்தான் தொடங்கியது. அன்று நான் அழவில்லை. சபையின் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, என் மகளைக் கர்த்தர் குணமாக்கினார் என்று சிரித்த முகத்தோடு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதில் பாதியை நான் சொல்லவில்லை. அந்த மறுபாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் புதுக்குடியிருப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரியூசன் ஆசிரியர். மகள் ஷாலினிக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு மனநோய் வந்தது. யாரும் இல்லாத அறையில் யாரோ தன்னை ஏசுவதாகச் சொன்னாள். நித்திரை போய்விட்டது. நானும் மனைவி ஜெயாவும் உபவாசமிருந்து ஜெபித்தோம். அரச ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனோம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கும் மனநலக் கிளினிக்கில் அவளுக்கு மருந்து பதியும் கொப்பி போட்டார்கள். எல்லாம் இலவசம். தினமும் ஒரு குளிசை விழுங்க வேண்டும். நான்கு மாதத்தில் பிள்ளை பழையபடி சிரித்தாள். பாடற்குழுவிலும் சேர்ந்தாள்.

சாட்சியில் ஜெபத்தைச் சொன்னேன். குளிசையை விட்டுவிட்டேன். சொன்னால் கர்த்தருடைய மகிமை குறைந்துவிடும் என்று நினைத்தேன். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது என்பதும் மனதில் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்.

"குளிசை எல்லாம் நிப்பாட்டியாச்சோ சேர்?"

"ஓம், எல்லாம் நிப்பாட்டியாச்சு" என்றேன்.

அதோடு நான் அகப்பட்டுவிட்டேன். கிளினிக்கில் நோயாளர் காத்திருக்கும் நீள வாங்கு தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்துக்குச் சபையார் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வருவார்கள். சந்தையில் "சாட்சி சேர் வாறார், இடம் விடுங்கோ" என்று பகிடியாகக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெயரோடு நான் எப்படி அந்த வாங்கில் போய் இருப்பது? கிளினிக் கொப்பியை ஷாலினியின் அறை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பிறகு வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டினோம். அதே குளிசையைத்தான் எழுதினார். ஆனால் வைத்தியருக்குக் காசு, மருந்துக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு. எங்களுக்குக் காப்புறுதியும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. பரீட்சை முடிந்து வகுப்புகள் குறைந்த மாதத்தில் குளிசையைச் சவரப் பிளேட்டால் இரண்டாக வெட்டினேன். அடுத்த மாதம் ஒன்று விட்ட ஒரு நாள் கொடுத்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோற்றில் நஞ்சு இருக்கிறது என்று ஷாலினி கோப்பையைத் தள்ளிவிட்டாள். அறைக்குள் போய்க் கதவுக்குக் குறுக்கே அலுமாரியை இழுத்து வைத்தாள். தண்ணீர்ப் போத்தல் ஒன்றுதான் உள்ளே இருந்தது. வெள்ளியும் சனியும் அவள் சாப்பிடவில்லை. ஜெயா கதவடியிலேயே கிடந்தாள். யாராவது வாசல் படலையில் கூப்பிட்டால், "பிள்ளை சித்தி வீட்டை போயிட்டா" என்று நான் பொய் சொன்னேன். கொப்பியும் அந்த அலுமாரிக்குள்தான் இருந்தது. கொப்பி இல்லாமல், பிள்ளையும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்வேன்? யாரைக் கூப்பிட்டாலும் ஊர் அறியும். கூப்பிடாவிட்டால் பிள்ளை போய்விடும். இரண்டு பக்கமும் சுவர்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சபைக்குப் போகவில்லை. நான் ரியூசன் கொட்டிலில் மாணவர் வாங்கடியில் முழங்காலை ஊன்றி ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் உம்முடைய பெயரால் பொய் சொன்னேன். என்னை வெட்கப்படுத்தும். பிள்ளையை விட்டுவிடாதேயும். ஆரையாவது அனுப்பும்." இவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குக் குடையோடு வந்து நின்றவர், அன்று குளிசையைப் பற்றிக் கேட்ட அதே சகோதரி.

"ஷாலினி எங்க சேர்? பாட்டுக்குக் காணேல்லை."

"சித்தி வீட்டை..." என்று தொடங்கினேன். உள்ளே அலுமாரி உரசும் சத்தம் கேட்டது.

"சித்தி வீடு கிட்டத்தான் போல" என்றார். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து பழைய கலண்டர்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கிளினிக் கொப்பி. அவருடைய பெயர்.

"பத்து வருசமா குளிசை எடுக்கிறன். கடைசி வாங்கில முக்காடு போட்டுக்கொண்டு இருப்பன், உங்களையும் அங்க கண்டனான். உங்கட சாட்சியைக் கேட்டுப்போட்டு, எனக்குத்தான் விசுவாசம் காணாதாக்கும் எண்டு மூண்டு கிழமை குளிசையை விட்டனான். கை நடுங்கி, நித்திரை இல்லாமல், கிணத்தடிக்குப் போகவே பயமாய் இருந்தது. திரும்பத் தொடங்கினபிறகுதான் மனுசி ஆனனான்."

கதிரையில் இருந்துவிட்டேன். "என்னை மன்னியுங்கோ அக்கா" என்றேன்.

"அது ஆறுதலாய்ப் பாப்பம். வீட்டில முட்டை கிடக்கோ?"

இரண்டு முட்டை அவித்துக் கோதோடு கொண்டுபோய் அறையின் கதவடியில் இருந்தார். "பிள்ளை, என்ர குரல் தெரியுதே? எனக்கும் ஒருக்கால் சோத்தில நஞ்சு தெரிஞ்சது. முட்டைக் கோதுக்குள்ள ஆரும் ஒண்டும் போடேலாது. நீயே உடைச்சுப் பார்."

முட்டையைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுச் சற்று விலகி இருந்தார். பிறகு அலுமாரி நகர்ந்தது. ஒரு கை நீண்டு முட்டையை எடுத்தது.

அன்று பின்னேரமே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஷாலினி அந்தச் சகோதரியின் கையை விடவில்லை. வைத்தியர் என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளும் ஏன் வரேல்லை? இது உங்கட ஆஸ்பத்திரிதானே" என்றார். நான் கொப்பியை எடுத்து நீட்டினேன். பன்னிரண்டு நாள் மனநல வாட்டில் இருந்தாள். ஒரு சதம் கேட்கவில்லை. பிறகு ஒரு மாதம் மட்டும் அங்கே ஒரு குளிசை கையிருப்பில் இல்லாமல் போய்விட்டது. அதை வெளியே வாங்கினோம். முழுதாகவே கொடுத்தோம்.

இப்போது அவள் குசினியில் தாயோடு நின்று சமைக்கிறாள். நான் இன்னும் தேறவில்லை. எங்காவது தளபாடம் இழுபடும் சத்தம் கேட்டால் எழுந்து போய் அவளுடைய அறையைப் பார்க்கிறேன். ஆனால் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் வெட்கப்பட்ட வாங்கிலேயே உதவியை வைத்திருந்தார். குளிசையையும் அவர்தான் தந்தார் என்று இன்று முழுச் சாட்சியாகச் சொல்கிறேன். என்னைப் போல யாராவது மறைத்துக்கொண்டிருந்தால், ஜெபியுங்கள், கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் படிப்பிக்கிறவன் என்று பார்க்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருப்பேன்.

இதை எழுதி முடித்து, சபைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் அந்தச் சகோதரியிடம் வாசிக்கக் கொடுத்தேன். நேற்றுப் பின்னேரம் தாள்களோடு வந்தார். படலையில் நின்றபடியே சொன்னார்.

"எல்லாம் சரி சேர். 'ஒரு சகோதரி' எண்டதுதான் சரியில்லை. திரும்பவும் ஒளிக்கிறியள். தையல்கார ரஞ்சிதம் எண்டு போடுங்கோ. செவ்வாய்க்கிழமை, முதல் வாங்கு எண்டும் போடுங்கோ. வாறவை என்னைத் தேடித் திரியக் கூடாது."

போட்டுவிட்டேன்.