உங்கள் அம்மா திருப்பிக் கேட்ட பேனா

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். உங்கள் அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. இருந்தவரைக்கும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிட்டேன். "அவர்" என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. பார்க்க அவர் இல்லை.

உங்கள் அம்மா பிறந்தது விக்கிரமங்கலம். சொந்த நிலம் இல்லாத வீடு. தாய் தகப்பன் இருவரும் கூலி வேலைக்குப் போனவர்கள். ஒரே அறையில் நடந்த பள்ளிக்கூடத்தில் உங்கள் மாமாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பேனா. மாமா எழுதி முடிக்கும் வரை அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஐந்தாவதோடு படிப்பு போயிற்று. பருத்தி எடுக்கப் போனார். பிற்பாடு கம்பி பின்னிய அந்த விரல் வேகம் அங்கே வந்ததுதான்.

கல்யாணமாகி குரும்பலூருக்கு வந்தபோது எனக்கும் நிலையான வேலை இல்லை. பெரம்பலூர் தனி மாவட்டமானதும் புதிது புதிதாக ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ் வந்தால் டெலிபோன் வரும். எனக்கு ரோட்டோரம் குழி வெட்டி கேபிள் புதைக்கிற வேலை கிடைத்தது. ஒரு நாள் ஜாயின்ட் போட்டது போக மிஞ்சிய கேபிள் துண்டு ஒன்றை, "எடுத்துக்கப்பா, குப்பைக்குத்தான் போவுது" என்று சூப்பர்வைசர் கொடுத்தார். கோழிக்கூண்டு கட்ட உதவும் என்று கொண்டுவந்தேன். அம்மா மேல் தோலைக் கீறிப் பார்த்தார். உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று நூல் போல மெல்லிய கம்பிகள்.

"ஏங்க, இத்தன கலரயா மண்ணுக்குள்ள போட்டுப் பொதைக்கிறீங்க?" என்று கேட்டார்.

கோழிக்கூண்டு அப்படியே கிடந்தது. நான்கைந்து நாளில் ஒரு சாதாரணப் பேனாவைச் சுற்றி, பாம்புச் சட்டை மாதிரி கட்டம் கட்டமாகக் கம்பியைப் பின்னி முடித்து என் சட்டைப் பாக்கெட்டில் குத்திவிட்டார். அதுதான் முதல் பேனா.

அப்புறம் தெருப் பிள்ளைகள் சும்மா விடவில்லை. அம்மா யாருக்கும் தானாகக் கலர் முடிவு செய்ய மாட்டார். "உனக்கு என்ன கலரு புடிக்கும், சொல்லு" என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பார். பாப்பா, நீ கிளிப்பச்சையும் ஊதாவும் கேட்டாய். தம்பி, நீ எல்லாக் கலரும் வேண்டும் என்று தரையில் புரண்டாய். பின்னி முடித்ததும் பேனாவைத் தன் கன்னத்தில் உருட்டிப் பார்ப்பார். கம்பி முனை குத்தினால், பிள்ளைகள் விரலையும் குத்தும் என்று மடக்கி உள்ளே செருகுவார். பிறகு இடது உள்ளங்கையில் மூன்று கோடு போட்டுப் பார்ப்பார். எழுதினால்தான் பேனா வீட்டை விட்டு வெளியே போகும்.

பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் மலையடியில் பேனா விற்க ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தோம். கொண்டுபோனது அத்தனையும் பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. எதிர் வீட்டுப் பெண் பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். "அத்த, எழுத மாட்டேங்குதுத்த." ரீஃபில் தீர்ந்துவிட்டது. மாற்றலாம் என்றால் பேனாவைத் திறக்க முடியவில்லை. அம்மா கழுத்துத் திருகையும் சேர்த்து ஒரே சீராகப் பின்னியிருந்தார். அழகுக்காகச் செய்தது. அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் நின்றே, "என்னக்கா, எழுதறதுக்குக் குடுத்தியா, கொண்டையில சொருவுறதுக்குக் குடுத்தியா?" என்று கேட்டுவிட்டது.

உங்கள் அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, தெரிந்த பிள்ளைகளிடமெல்லாம் பேனாவைத் திரும்ப வாங்கினார். ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுத்தை விட்டுவிட்டு மேலேயும் கீழேயும் தனித்தனியாகப் பின்னிக் கொடுத்தார். மறு வருடம் செட்டிகுளத்திலும் பழைய பேனா வைத்திருந்த பிள்ளைகளைத் தேடினார். கடைசியில் மிஞ்சியது என் பேனா. அதிலும் ரீஃபில் தீர்ந்திருந்தது.

"அதயும் குடுங்க. அவுத்து சரி பண்ணித் தர்றேன்."

"எனக்கு எதுக்கு எழுதுற பேனா? நான் என்ன கலெக்டரா? பாக்கெட்டுல இருந்தாப் போதும்."

"எழுதாத பேனாவக் குத்திக்கிட்டுத் திரியுற ஆளு இந்த மாவட்டத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

நான் கொடுக்கவில்லை. முதல் பேனா, அதை எதற்குப் பிரிப்பது என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. வேலை இடத்தில் சூப்பர்வைசர் பேனா கேட்பார். "எழுதாதுங்க சார்" என்பேன். "அப்புறம் என்னத்துக்குய்யா மாட்டியிருக்க?" என்று எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். பத்து வருடத்துக்கு மேல் கேட்டார்.

போன வருடம் மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தோம், பத்தியம் இருந்தார், கேட்கவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரி. நர்ஸம்மா ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். நான் பதற்றத்தில் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து அழுத்தினேன். தாளில் பள்ளம்தான் விழுந்தது. பக்கத்தில் நின்றவரிடம் பேனா வாங்கிப் போட்டேன். தள்ளுவண்டியில் படுத்திருந்த உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டார். கண்ணெல்லாம் மஞ்சள்.

"குடுங்கன்னா குடுக்க மாட்டீங்க. வூட்டுக்குப் போனதும் மொதல்ல அதத்தான் பிரிக்கப் போறேன்."

"சரி சரி, வந்து பாத்துக்கலாம். நீ பேசாம படு."

அதுதான் எங்களுக்குள் கடைசிப் பேச்சு. அன்றே நினைவு தப்பி, மூன்றாம் நாள் போய்விட்டார். பத்து வருடம் ஒரு மனுஷி ஒன்றே ஒன்றைத்தான் என்னிடம் கேட்டார். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. நான் கெட்டியாக வைத்துக்கொண்டதுதான் பிரியம் என்று நினைத்திருந்தேன். தான் செய்த ஒரு பேனா எழுதாமல் கிடப்பது அவருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளே, உங்களிடம் யாராவது திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

திருச்சியில் ராவும் பகலும் எங்களோடு இருந்த உங்கள் மாமாவை என்றைக்கும் மறக்கக் கூடாது. உங்களைத் தன் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்ட எதிர் வீட்டு அம்மா, வண்டி பிடித்துக் கொடுத்த என் கேபிள் வேலைத் தோழர்கள், காரியத்தன்று கலர் கலராகப் பேனாவைப் பாக்கெட்டில் குத்திக்கொண்டு வரிசையாக வந்து நின்ற பள்ளிப் பிள்ளைகள், இவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்தப் பேனாக்கள் அத்தனையும் எழுதுகிறவை.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், அம்மாவின் கம்பி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பேனாவின் கழுத்தில் அம்மா செருகிய முனையைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகு நேரம் ஆயிற்று. இரண்டு விரல் அகலம் மட்டும் பிரித்தேன். பிரித்த கம்பி பேனா இல்லாமலே பேனா மாதிரி வளைந்து நின்றது. அதை நீட்டாமல் டப்பாவில் வைத்தேன். திருகைத் திறந்து புது ரீஃபில் போட்டேன். திரும்பப் பின்ன எனக்குத் தெரியாது. கன்னத்தில் உருட்டிப் பார்த்தேன், குத்தியது. முனையை மடக்கி உள்ளே செருகினேன். மறுபடி உருட்டினேன், குத்தவில்லை.

இடது உள்ளங்கையில் மூன்று கோடு போட்டேன். எழுதியது.